கனமாகிப் போன ஸ்டீயரிங்கும் ‘பரவால்லப்பா’ என்ற பதிலும்

நம் தாமான்களில் சாயங்கால வேளையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பல வீட்டு வாசல்களில் இரண்டு கார்கள் நிற்கும். ஒன்று புதுசு. வங்கிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்குப் போகும் மகனோ மகளோ ஓட்டுவது. இன்னொன்று பழசு. கடன் கட்டி முடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். கோயில், பாசார், கிளினிக், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அம்மாவோ அப்பாவோ ஓட்டுவது.

புதுக் காருக்கு சர்வீஸ் தேதி ஒரு நாள் தள்ளாது. வாரண்டி போய்விடுமே என்ற பயம். பழைய காருக்கு அந்தப் பயம் இல்லை, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆக, வீட்டிலேயே அதிகக் கவனிப்பு தேவைப்படும் கார், வீட்டிலேயே மிகக் குறைவாகப் புகார் சொல்லும் ஆளின் கையில் இருக்கிறது.

“காடி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், “ஸ்டீயரிங் கொஞ்சம் கனமா இருக்கு, பரவால்லப்பா” என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த ‘பரவால்லப்பா’வைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். கனமாகிக்கொண்டே வரும் ஸ்டீயரிங்கை அலட்சியம் செய்யக் கூடாது. அதே சமயம், அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் கொட்டித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பல நேரங்களில் காரணம் சின்னதாகவே இருக்கும்.

அந்த இலகு எங்கிருந்து வருகிறது?

நிற்கும் காரின் முன் சக்கரங்களைத் திருப்புவது லேசான வேலை இல்லை. எஞ்சின் முன்னால் இருக்கும் கார்களில், மொத்த எடையில் பாதிக்கு மேல் முன் டயர்களின் மேல்தான் அழுந்துகிறது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலின் ஆரம்ப மாடல்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அந்தக் குட்டிக் காரையே பார்க்கிங்கில் நுழைக்கத் தோள்பட்டையைக் கொடுத்துத் திருப்பியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

1926-இல் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் கருவியைச் செய்து காட்டினார். கடையில் விற்கும் காருக்குள் அது வர 25 ஆண்டுகள் பிடித்தன. 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் வந்தது. எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார் உதவும் முறை 1988-இல் ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் வந்தது. இன்று புதிதாக வரும் கார்களில் பெரும்பாலானவை இந்த மின் வகைதான்.

எந்த வகையாக இருந்தாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சாலைகளில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும், உங்கள் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டும் பல்சக்கரமும் இருக்கின்றன. பவர் ஸ்டீயரிங் என்பது பக்கத்தில் நின்று கைகொடுக்கும் உதவியாள் மாதிரி. அந்த ஆள் திடீரென்று லீவு போட்டாலும் காரைத் திருப்ப முடியும். கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். சாலையில் பதறாமல் இருக்க இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

உங்கள் கார் எந்த ரகம்?

பானட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டீயரிங் வட்டம் வரைந்த மூடியோடு ஒரு சின்ன எண்ணெய் டப்பா இருந்தால், அது எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் வகை. புரோட்டோன் வீரா, வாஜா காலத்துக் கார்கள் இந்த ரகம். அப்படி டப்பாவே இல்லையென்றால் பெரும்பாலும் மின் வகை. சுருக்கமாக இபிஎஸ் என்பார்கள். மைவி 2005-இல் வந்த முதல் மாடலிலிருந்தே இபிஎஸ்தான். சில ஐரோப்பியக் கார்களில் எண்ணெயும் இருக்கும், அதைத் தள்ளும் பம்ப் மட்டும் மின்சாரத்தில் ஓடும். அது இரண்டுக்கும் நடுவில் உள்ள ரகம்.

இது தெரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும். மைவி ஓட்டும் ஒருவரிடம் “பவர் ஸ்டீயரிங் ஆயில் மாத்தணும்” என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு பட்டறைக்குப் போகலாம். அந்தக் காரில் மாற்ற அப்படி ஓர் எண்ணெயே இல்லை.

எண்ணெய் வகைக்கு என்ன செய்யவேண்டும்?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பெல்ட், பம்பை ஓட்டுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்திக் குழாய் வழியாக ரேக்குக்கு அனுப்புகிறது. ரேக் என்பது இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் நீளமான பாகம். நீங்கள் எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ, அந்தப் பக்கமாக எண்ணெய் அதைத் தள்ளிவிடும்.

இது மூடிய சுற்று. எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய இங்கே வழியே இல்லை. டப்பாவில் அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். மாதா மாதம் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடும் கதைதான். ஒழுகும் இடம் குழாய் இணைப்பாக இருந்தால் சின்னச் செலவு. ரேக்கின் இரு முனைகளிலும் துருத்தி மாதிரி ரப்பர் உறைகள் இருக்கும். அதற்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது. அந்த உறை கிழிந்திருந்தால் மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போய், நல்ல ரேக்கையும் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் கார் மேலே ஏறியிருக்கும்போது, “அந்த ரப்பரைக் கொஞ்சம் பாருங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டால் போதும். கறுத்துப்போய், கருகிய வாடை அடித்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. நுரை கட்டியிருந்தால் உள்ளே காற்று நுழைந்திருக்கிறது. பல கார்களுக்கு ஆட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயே போதும். சில ஜப்பானிய, ஐரோப்பியக் கார்களுக்குத் தனி எண்ணெய் உண்டு. எல்லாம் ஒன்றுதான் என்று கையில் கிடைத்ததை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெடலாம். எது என்பது காரோடு வந்த கையேட்டிலும், பல கார்களில் அந்த டப்பாவின் மூடியிலுமே எழுதியிருக்கும்.

காதுக்கும் வேலை இருக்கிறது. காலையில் முதல் திருப்பத்திலோ மழை நாளிலோ ‘கீச்’ என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. திருப்பும்போதெல்லாம் ‘ஊ...ங்’ என்று முனகினால் எண்ணெய் குறைவு அல்லது பம்ப் களைத்துப் போயிருக்கிறது. அப்பாவின் கார் வாசலில் திரும்பும்போதே இந்தச் சத்தம் நமக்குக் கேட்கும். தினமும் ஓட்டும் அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

இன்னொரு பழக்கம். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து, அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்போம். அந்த நிலையில்தான் பம்ப் உச்ச அழுத்தத்தில் திணறுகிறது, எண்ணெய் சூடாகிறது. சில வினாடிகளுக்கு மேல் அப்படிப் பிடிக்க வேண்டாம். முனையைத் தொட்டதும் துளி தளர்த்திவிடுங்கள்.

மின் வகைக்குப் பராமரிப்பே வேண்டாமா?

எண்ணெய் இல்லை, பெல்ட் இல்லை, குழாய் இல்லை. அதனால் இபிஎஸ்ஸுக்கு எதுவும் செய்யவேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு உயிர் கொடுப்பது பேட்டரியும் ஆல்டர்னேட்டரும். நீங்கள் எவ்வளவு அழுத்தித் திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, ஒரு சின்னக் கணினி மோட்டாருக்கு அதற்கேற்ற மின்சாரத்தைக் கொடுக்கிறது. நேராக ஓடும்போது அது எடுத்துக்கொள்வது சொற்பம். நின்ற இடத்தில் முழுக்க ஒடிக்கும்போது பல பத்து ஆம்பியர் வரை இழுக்கும்.

நம் நாட்டு வெயிலில் கார் பேட்டரியின் ஆயுள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்தை நெருங்கிய பேட்டரி ஸ்டார்ட் எடுக்கும், ரேடியோ பாடும், ஆனால் ஸ்டீயரிங் மோட்டார் கேட்கும்போது கொடுக்க முடியாமல் தடுமாறும். உடனே டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் எரியும். சில கார்களில் இபிஎஸ் என்ற எழுத்துகள் வரும்.

கிள்ளானில் இருக்கும் என் தோழி ஒருத்திக்கு இதுதான் நடந்தது. விளக்கு எரிகிறது என்று ஒரு பட்டறைக்குப் போனாள். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டீயரிங் தண்டு, மோட்டார் எல்லாவற்றையும் செட்டாக மாற்றவேண்டும் என்றார்கள். சொன்ன விலை அவளுடைய மாத வீட்டுக்கடனை விட அதிகம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். அடுத்த பட்டறையில் இருந்த வயதான தவுக்கே முதலில் மீட்டரை எடுத்து பேட்டரியை அளந்தார். பேட்டரியை மாற்றி, அதன் முனைகளில் படிந்திருந்த வெள்ளைப் பூவைச் சுரண்டித் துடைத்தார். விளக்கு அணைந்தது. இன்றுவரை திரும்ப எரியவில்லை.

எல்லா இபிஎஸ் கோளாறும் பேட்டரியால்தான் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேட்டரியை அளக்காமல் யாரும் பெரிய பாகத்துக்கு விலை சொல்லக் கூடாது. பொதுவாக எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். இரண்டு நிமிட வேலை.

பேட்டரி மாற்றிய உடனே இந்த விளக்கு எரிந்தாலும் கலங்கவேண்டாம். சில கார்களில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி என ஒருமுறை திருப்பினால் அணைந்துவிடும். அணையாவிட்டால் கணினியை இணைத்து மறுபடி அளவு செட் செய்யச் சொல்லுங்கள். நெருக்கடியான பார்க்கிங்கில் திரும்பத் திரும்ப ஒடித்தால் மோட்டார் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. கொஞ்சம் ஆறவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

புதுக் கார் வைத்திருக்கும் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் தடத்தை விட்டு விலகினால் தானே இழுத்துப் பிடிக்கும் வசதி இப்போது உள்ளூர்க் கார்களிலும் வந்துவிட்டது. அந்தக் கையும் இதே ஸ்டீயரிங் மோட்டார்தான். கார் ஒரு பக்கம் இழுக்கும்போது அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால், அந்த வசதியும் சரியாக வேலை செய்யாது. முன் கண்ணாடி மாற்றினால் அதில் இருக்கும் கேமராவையும் மறுபடி செட் செய்தார்களா என்று கேளுங்கள்.

சின்னச் செலவிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதா? பட்டறைக்குப் போகும்போது இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் டயர் காற்று. இதற்குச் செலவே இல்லை. முன் டயரில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். சரியான அளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டிய தாளில் இருக்கும்.

இரண்டாவது, எண்ணெய் வகையாக இருந்தால் எண்ணெய் அளவு, பெல்ட். மின் வகையாக இருந்தால் பேட்டரி, அதன் முனைகள், ஃபியூஸ்.

மூன்றாவது, அலைன்மெண்ட். கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ டயர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ காரணம் இதுவாக இருக்கலாம்.

நான்காவது, பால் ஜாயிண்ட், டை ராட் போன்ற இணைப்புகள். வளைவில் திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் இவற்றில் ஏதோ இறுகிப்போயிருக்கலாம். ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தால் ஏதோ தேய்ந்திருக்கலாம். சில இபிஎஸ் கார்களில் மோட்டாரோடு இணையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் துண்டு உண்டு. அது தேய்ந்தாலும் இதே சத்தம் வரும். அந்த ரப்பரின் விலை சொற்பம். அதற்காக முழு செட்டையும் மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, கணினியை இணைத்து என்ன குறியீடு பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது. அந்தக் குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பட்டறையில் கருத்துக் கேட்க உதவும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பம்ப், ரேக், மோட்டார் என்ற பேச்சே வரவேண்டும். அப்போதும் புதிதா, ரீகோனா, ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட் பாகமா என்று கேட்டு, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஓடும்போது கனத்துவிட்டால்?

மாலை நிகழ்ச்சியில் போக்குவரத்து நிலவரம் வாசிக்கும்போது ‘பழுதான வாகனம், இடது தடம்’ என்ற வரி இல்லாத நாளே எனக்குக் கிடையாது. அந்த வண்டிக்குள் யார் இருக்கிறார்கள், என்ன பாடு படுகிறார்கள் என்று வாசிக்கும்போதே மனம் போகும். அவர்களில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கலாம். அதனால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

உதவி போய்விட்டால் இரண்டு கையாலும் இறுக்கமாகப் பிடியுங்கள். வேகத்தில் போகும்போது திருப்ப அவ்வளவு பலம் தேவைப்படாது. வேகம் குறையக் குறையத்தான் கனம் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சமிக்ஞை போட்டு, மெல்ல இடது ஓர அவசரத் தடத்துக்கு வாருங்கள். பிறகு நான்கு விளக்கையும் எரியவிடுங்கள். எஞ்சினே நின்றுபோயிருந்தால் பிரேக்கும் கடினமாகிவிடும். அப்போது பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது, ஒரே அழுத்தாக அழுத்தவேண்டும். சாவியை மட்டும் கார் நிற்கும் முன் கடைசி வரை திருப்பி உருவிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் உண்மையிலேயே பூட்டிக்கொள்ளும். கார் நின்றதும் வேலிக்கு வெளியே போய் நின்று உதவியை அழையுங்கள்.

கேமரன் மலையிலும் கெந்திங்கிலும் இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. மிச்சமாவது சில காசு. மலைவளைவில் ஸ்டீயரிங் உதவியும் பிரேக் உதவியும் ஒரே நேரத்தில் போய்விடும். மாமா, சித்தப்பா யாராவது இன்னும் அப்படிச் செய்தால் மரியாதையாகவே தடுத்துவிடுங்கள்.

வெள்ளம் பார்த்த கார்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதியில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. பல சிறிய கார்களில் ஸ்டீயரிங் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் அதுவரை ஏறிய காரில் அதன் இணைப்புகள் துருப்பிடிக்கத் தொடங்கும். இன்று நன்றாக இருக்கும், சில மாதம் கழித்து விட்டுவிட்டுக் கோளாறு காட்டும். பழைய கார் வாங்கும்போது ஸ்டீயரிங்குக்கு அடியில் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். சேற்றுக் கறையோ துருவோ தெரிந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்றும் கவனியுங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

கனம் ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் துளித்துளியாக ஏறும். தினமும் ஓட்டுபவருக்கு அது தெரியாது. கை வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வார்களே தவிர, காரைச் சந்தேகப்பட மாட்டார்கள். அறுபதைத் தாண்டிய தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அந்தக் கூடுதல் பாரம் சும்மா இல்லை. கண்ணெதிரே ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வரும்போது சட்டென்று ஒடிக்க அந்தக் கைகளால் முடியவேண்டும்.

அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரை நீங்கள் ஓட்டிப் பாருங்கள். தாமானுக்குள் ஒரு சுற்று, ஒரு பார்க்கிங், ஒரு யூ திருப்பம் போதும். உங்கள் காரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும். பிறகு “காடி ஓகேவா?” என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் “ஓகே”தான் பதில். “போன வருஷத்துக்கு இப்ப திருப்புறது கஷ்டமா இருக்கா? எந்த இடத்துல ரொம்ப இழுக்குது?” என்று கேளுங்கள். பட்டறைக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். அவர்களை அனுப்பினால் அங்கேயும் ‘பரவால்ல’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.